செல் சுழற்சி பிசகும்போது: அறிகுறியிலிருந்து பழுதைத் தேடும் வழிமுறை

வளர்ப்புத் தட்டில் உள்ள மனிதச் செல்கள் எதிர்பார்த்தபடி பிரியாமல் முடங்கிக் கிடக்கும்போதும், நிற்க வேண்டிய வேளையில் நிற்காமல் பிரிந்துகொண்டே போகும்போதும், எந்தக் கட்டுப்பாடு பழுதுபட்டது என்று கண்டறிய இந்த வழிமுறை உதவும். முதுகலைத் திட்டப்பணியோ முனைவர் பட்ட ஆய்வோ செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒளிர்வு நுண்ணோக்கி, ஃப்ளோ சைட்டோமீட்டர் (ஒவ்வொரு செல்லிலும் உள்ள டி.என்.ஏ. அளவை அளப்பது), வெஸ்டர்ன் பிளாட் (குறிப்பிட்ட புரதத்தைப் பட்டையாகக் காட்டுவது) ஆகிய மூன்றுக்கும் வசதி இருக்கிறது என்று கொள்கிறேன்.

பழுது நேர்ந்த கட்டமும் அது கண்ணுக்குத் தெரியும் கட்டமும் செல் சுழற்சியில் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. சுழற்சியின் கட்டங்கள் நான்கு: செல் வளரும் ஜி1, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் எஸ், பிரிவுக்குத் தயாராகும் ஜி2, பிரியும் எம். ஜி1 கட்டத்தில் கவனிக்காமல் விட்ட சேதம் எஸ் கட்டத்தில் அறுந்த டி.என்.ஏ.வாகவும், எஸ் கட்டத்தில் முடிக்காமல் விட்ட நகலெடுப்பு எம் கட்டத்தில் இரு துருவங்களுக்கும் நடுவே இழுபடும் குரோமோசோமாகவும், எம் கட்டத்தில் கைகூடாத பிரிவு அடுத்த சுழற்சியின் ஜி1 கட்டத்தில் இரட்டை உட்கருவாகவும் வெளிப்படும். அறிகுறி தெரியும் கட்டத்தை மட்டும் குடைந்துகொண்டிருப்பவர்கள் மாதக்கணக்கில் காலத்தை இழப்பது இதனால்தான். கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு கட்டம் பின்னோக்கிச் சென்று சோதிக்கும் வழியையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இயல்பு நிலை வேண்டும். 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பிரியும் மனிதச் செல்லில் ஜி1 கட்டம் ஏறத்தாழ 11 மணி நேரமும், எஸ் கட்டம் 8 மணி நேரமும், ஜி2 கட்டம் 4 மணி நேரமும், எம் கட்டம் 1 மணி நேரமும் எடுக்கும். இவற்றை நகர்த்துபவை சைக்ளின் சார்ந்த கைனேஸ்கள், சுருக்கமாகச் சிடிகே நொதிகள். இவை சைக்ளின் என்ற புரதம் சேர்ந்தால் இயங்கும். அந்தச் சைக்ளின் சிதைக்கப்பட்டால் அடங்கும். இந்தக் கட்டுப்பாட்டை ஈஸ்ட்களிலும் கடல் முள்ளெலியின் முட்டைகளிலும் பிரித்தறிந்த லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ், டிம் ஹன்ட் ஆகிய மூவருக்கும் 2001ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எதற்கும் முன் ஒதுக்க வேண்டியவை

எந்த அறிகுறியானாலும் முதலில் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச்சிறு பாக்டீரியாவின் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள். அது ஊடகத்தைக் கலங்கச் செய்யாது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, செல்சுவர் இல்லாததால் நாம் வழக்கமாகச் சேர்க்கும் பெனிசிலினுக்கும் கட்டுப்படாது. ஆனால் செல்களுக்கு வேண்டிய அர்ஜினைனையும் நியூக்ளியோசைடுகளையும் தின்று தீர்த்து, பிரியும் வேகத்தைக் குறைத்து, செல் சுழற்சிப் பழுது போலவே தோற்றம் காட்டும். ஹோயெக்ஸ்ட் சாயம் இட்டுப் பார்க்கையில் உட்கருவுக்கு வெளியே பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஒளிர்ந்தால் பி.சி.ஆர். சோதனை செய்து முடிவுக்கு வாருங்கள். தொற்று உறுதியானால், கடைசியாகத் தொற்றில்லை என்று சோதித்த நாளுக்குப் பின் அந்த வளர்ப்பிலிருந்து எடுத்த செல் சுழற்சித் தரவு எதையும் நம்ப வேண்டாம்.

அடுத்தது, கையில் இருப்பது நீங்கள் நினைக்கும் செல் வரிசைதானா என்பது. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவருடைய அனுமதியைக் கேட்காமலேயே எடுக்கப்பட்ட ஹீலா செல்கள், உலகின் பல ஆய்வகங்களில் பிற செல் வரிசைகளுக்குள் புகுந்து அவற்றின் பெயரிலேயே வளர்ந்து வந்திருக்கின்றன. டி.என்.ஏ.வின் குறுந்தொடர்களை ஒப்பிடும் எஸ்.டி.ஆர். அடையாளச் சோதனை இதைத் தீர்த்துவிடும். பாசேஜ் எண் (செல்களை எத்தனை முறை புதிய தட்டுக்கு மாற்றியிருக்கிறோம் என்பது), விதைத்த அடர்த்தி, வளர்ச்சிக் காரணிகளைத் தரும் சீரத்தின் தொகுதி எண், இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடு அளவு ஆகியவற்றையும் பார்த்துவிட்டுப் பிறகு மூலக்கூறுகளுக்கு வாருங்கள்.

அறிகுறி: செல்கள் ஜி1 கட்டத்தில் தேங்குகின்றன

ஃப்ளோ வரைபடத்தில் 2என் (நகலெடுக்கும் முன் உள்ள டி.என்.ஏ. அளவு; நகலெடுத்து முடித்தால் 4என்) முகடு உயர்ந்தும், அதற்கு வலப்புறம் உள்ள எஸ் பகுதி வற்றியும் இருக்கும். செல்களின் எண்ணிக்கை ஏறாது; அதே சமயம் அவை இறந்து மிதக்கவும் இல்லை.

இங்கே முதல் கேள்வி, செல்லுக்கு முன்னே செல்ல அனுமதி வரவில்லையா, வந்த அனுமதியை ஏதோ ஒன்று தடுக்கிறதா என்பது. ஜி1 கட்டத்தின் பிற்பகுதியில் ஓர் எல்லை இருப்பதை ஆர்தர் பார்டி 1974இல் காட்டினார். அந்த எல்லையைத் தாண்டும் முன் சீரத்தை எடுத்துவிட்டால் செல் நின்றுவிடும். தாண்டிய பின் எடுத்தால் அது பொருட்படுத்தாமல் சுழற்சியை முடிக்கும். மூலக்கூறு அளவில் அந்த எல்லையைக் காப்பது ஆர்பி புரதம். வளர்ச்சிக் காரணிகளின் சமிக்ஞையால் சைக்ளின் டி உருவாகி, சிடிகே4, சிடிகே6 நொதிகளுடன் சேர்ந்து ஆர்பியின் மேல் பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது. அதுவரை ஆர்பி பிடித்து வைத்திருந்த ஈ2எஃப் விடுபட்டு, டி.என்.ஏ. நகலெடுப்புக்கு வேண்டிய மரபணுக்களை இயக்குகிறது.

ஆகவே வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்பேட் ஏறிய ஆர்பியையும் சைக்ளின் டி1ஐயும் ஒருசேரப் பாருங்கள். இரண்டும் குறைவாக இருந்தால் அனுமதியே வரவில்லை என்று பொருள்: சீரம் பழையதாகியிருக்கலாம், தட்டு நிரம்பிப் போயிருக்கலாம். செல்களைக் குறைந்த அடர்த்தியில் மீண்டும் விதைத்துப் புதிய சீரம் கொடுங்கள். உறங்கிக் கிடந்த இயல்பான ஃபைப்ரோபிளாஸ்ட்கள் பொதுவாக 12 முதல் 20 மணி நேரத்துக்குள் எஸ் கட்டத்தில் நுழையும்.

சைக்ளின் டி1 தாராளமாக இருந்தும் ஆர்பியின் மேல் பாஸ்பேட் ஏறவில்லை என்றால் தடுப்பான் ஒன்று வேலை செய்கிறது. சிடிகே நொதிகளைத் தடுக்கும் பி21, பி27, பி16 என்ற மூன்று புரதங்களையும் பார்க்க வேண்டும். பி27 மட்டும் உயர்ந்திருந்தால் நெரிசலையோ சீரப் பற்றாக்குறையையோ மீண்டும் சந்தேகியுங்கள். பி21 உயர்ந்து, கூடவே அதை உண்டாக்கும் பி53 புரதமும் உயர்ந்திருந்தால் டி.என்.ஏ. சேதம் நடந்திருக்கிறது. காமா எச்2ஏஎக்ஸ் எதிர்ப்பொருளால் சாயமிட்டால் இரட்டை இழை அறுந்த இடங்கள் உட்கருவில் புள்ளிகளாகத் தெரியும். சேதம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பெரிய விளக்கங்களைத் தேட வேண்டாம். மரபணுவை உட்செலுத்தும் வேதிப்பொருள், நேரலைப் படமெடுப்பில் பயன்படுத்திய நீல ஒளி, செல்களை ஒரே கட்டத்துக்குக் கொண்டுவரும் ஒத்திசைவுக்காக முன்பு கொடுத்த மருந்து ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க நிறைய வாய்ப்புண்டு.

பி16 உயர்ந்து, செல்கள் அகன்று தட்டையாகப் பரந்து கிடந்தால் அவை முதுமை நிலையை அடைந்துவிட்டன. லியோனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961இல் காட்டியபடி, இயல்பான மனித ஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஏறத்தாழ 50 முறை இரட்டித்த பின் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் முனையில் உள்ள டெலோமியர் தேய்ந்து, ஒரு நிலையில் அந்த முனையே அறுந்த டி.என்.ஏ.வாகச் செல்லுக்குத் தோன்றுவதே காரணம். பி.எச். 6.0இல் செய்யும் பீட்டா காலக்டோசிடேஸ் சாயம் நீலமாக வந்தால் முடிவு உறுதியாகும். சீரத்தை மாற்றியோ அடர்த்தியைக் குறைத்தோ இந்தச் செல்களை மீட்க முடியாது; திரவ நைட்ரஜனில் உள்ள முந்தைய பாசேஜ் குப்பியை எடுங்கள்.

அறிகுறி: நிற்க வேண்டிய இடத்தில் செல்கள் நிற்கவில்லை

புற்றுநோயைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும் அறிகுறி இதுதான். ஆகவே இங்கே சற்று நிதானமாகச் செல்ல வேண்டும். ஒரு செல்லை நிறுத்தப் பொதுவாக மூன்று வழிகளைக் கையாள்கிறோம்: சீரத்தைக் குறைப்பது, தட்டை நிரம்பவிடுவது, டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துவது. இவை மூன்றும் வெவ்வேறு கட்டுப்பாடுகளைச் சோதிப்பதால், எதற்கு நிற்கிறது, எதற்கு நிற்கவில்லை என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

சீரத்தை 0.1 முதல் 0.5 விழுக்காட்டுக்குக் குறைத்து 24 முதல் 48 மணி நேரம் வைத்தும் செல்கள் எஸ் கட்டத்துக்குள் நுழைந்துகொண்டே இருந்தால், வெளியிலிருந்து வர வேண்டிய அனுமதியை உள்ளேயே ஏதோ ஒன்று வழங்கிக்கொண்டிருக்கிறது, அல்லது அனுமதி கேட்கும் சாவடியே (செல்லை நிறுத்திச் சோதிக்கும் கட்டுப்பாடு) இல்லாமல் போய்விட்டது. முதல் வகைக்கு நன்கு அறியப்பட்ட சான்று, வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்தும் புரதத்தைத் தரும் ராஸ் மரபணு. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல் ஒன்றின் ராஸ் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, 12ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாக வாலின் வந்திருப்பதை 1982இல் கண்டறிந்தார்கள். இயல்பான ராஸ் புரதம் தன்னோடு ஒட்டிய ஜி.டி.பி. (GTP) மூலக்கூறைச் சிதைத்துத் தானே அடங்கிக்கொள்ளும்; மாறிய புரதத்தால் அதைச் செய்ய முடியாது என்பதால் சீரம் இல்லாதபோதும் சமிக்ஞை ஓய்வதில்லை.

இரண்டாம் வகைக்குச் சான்று, குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா. ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் 48 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, இந்தப் புற்று தோன்ற இரண்டு மாற்றங்கள் வேண்டும் என்றும், பரம்பரையாக வரும் குழந்தைகளில் முதல் மாற்றம் பிறக்கும்போதே உடலெங்கும் இருப்பதால் இளவயதிலேயே, பெரும்பாலும் இரு கண்களிலும் நோய் வருகிறது என்றும் கணித்தார். பின்னர் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தபோது கிடைத்ததே ஆர்பி. (ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண் பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று சொல்வது இந்த நோய்க்காகத்தான்.)

இந்த இரண்டு வகைகளையும் பிரித்தறிய மருந்துகளையே கருவியாக்கலாம். சீரம் குறைந்த நிலையில், ராஸின் சமிக்ஞையைக் கீழே கடத்தும் எம்.இ.கே. நொதியின் தடுப்பானைச் சேர்த்தவுடன் செல்கள் ஜி1 கட்டத்தில் நின்றால், பழுது அதற்கு மேலே, ராஸிலோ அதற்கும் முந்தைய ஏற்பியிலோ இருக்கிறது. அதற்கு நிற்காமல், சிடிகே4, சிடிகே6 நொதிகளைத் தடுக்கும் பால்போசிக்ளிப்புக்கு நின்றால், பழுது நடுவில், சைக்ளின் டி மிகையாவதிலோ பி16 தொலைந்ததிலோ இருக்கிறது. இரண்டுக்குமே நிற்கவில்லை என்றால் முதலில் ஆர்பி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால், அடுத்து சைக்ளின் ஈ மிகையாக இருக்கிறதா என்று பாருங்கள். மரபணு வரிசையைப் படித்து முடிவு வருவதற்குள் இந்தச் சோதனை விடையைச் சொல்லிவிடும் என்பதால் இதையே முதலில் செய்யச் சொல்வேன்.

தட்டு நிரம்பிய பின்னும் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்தால் தொடுகைத் தடை இல்லாமல் போயிருக்கிறது. நெரிசலில், பிரிவைத் தூண்டும் யாப் புரதம் உட்கருவை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். உள்ளேயே தங்கியிருந்தால் பழுது யாப்பை அடக்கும் ஹிப்போ சமிக்ஞைப் பாதையில். மென் அகாரில் பிடிமானமின்றி வளர்கின்றனவா என்றும் சோதித்துவிடுங்கள்.

கதிர்வீச்சோ டாக்ஸோரூபிசினோ கொடுத்தும் ஜி1 கட்டத்தில் நிற்கவில்லை என்றால் சந்தேகம் பி53 மீது விழும். மனிதப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் இந்த மரபணு மாறியிருக்கிறது. ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. வெஸ்டர்ன் பிளாட்டில் பி53 பட்டை அழுத்தமாக வந்திருப்பதைப் பார்த்து, பி53 நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இயல்பான பி53 தன்னைச் சிதைக்கும் எம்டிஎம்2 புரதத்தைத் தானே உண்டாக்குவதால் சேதம் இல்லாதபோது மிகக் குறைந்த அளவில்தான் இருக்கும். மாற்றமடைந்த பி53 எம்டிஎம்2ஐ உண்டாக்காததால் சிதையாமல் குவிந்துவிடும். ஆகவே அழுத்தமான பட்டை பழுதின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். பார்க்க வேண்டியது பி53 இருக்கிறதா என்பதை அல்ல, சேதத்துக்குப் பின் பி21 ஏறுகிறதா என்பதை. எம்டிஎம்2ஐத் தடுக்கும் நட்லின் மருந்தைக் கொடுத்து பி21 ஏறினால் பி53 இயங்குகிறது. ஏறவில்லை என்றால் இல்லை.

ஹீலா செல்களில் ஜி1 சாவடியை ஆராய முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். அவற்றில் உள்ள 18ஆம் வகை பாப்பிலோமா வைரஸின் இ6 புரதம் பி53ஐச் சிதைக்கிறது, இ7 புரதம் ஆர்பியை முடக்குகிறது. நீங்கள் சோதிக்க விரும்பும் இரண்டு காவலர்களும் அங்கே பணியில் இல்லை.

சேதமடைந்த செல் ஏன் நிற்கிறது என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். டெட் வைனெர்ட்டும் ஹார்ட்வெல்லும் 1988இல் ஈஸ்டில் செய்த ஆய்வில், ராட்9 என்ற மரபணு இல்லாத செல்கள் கதிர்வீச்சுக்குப் பின்னும் நிற்காமல் பிரிந்து, பிறகு இறந்தன. அவற்றைச் செயற்கையாகச் சற்று நேரம் நிறுத்தி வைத்தபோது பல பிழைத்துக்கொண்டன. அதாவது சேதத்தால் செல் முடங்குவதில்லை. சேதத்தைக் கண்டு நிற்கும்படி அதற்குக் கட்டளை கிடைக்கிறது. நிற்காத செல்லில் தேட வேண்டியது அந்தக் கட்டளை எங்கே அறுபட்டது என்பதைத்தான்.

அறிகுறி: எஸ் கட்டம் நீள்கிறது

எஸ் பகுதியில் செல்கள் நிறைய இருந்தும் எட்யூ (புதிய டி.என்.ஏ.வில் சேரும் அடையாளப் பொருள்) சேர்க்கை மங்கலாக இருந்தால் நகலெடுப்பு ஊர்ந்து செல்கிறது. ஒத்திசைவுக்காகச் சேர்த்த 2 மில்லிமோலார் தைமிடினைச் சரியாகக் கழுவாமல் விட்டதே பல நேரங்களில் காரணம். இரண்டு முறை கழுவி, வெதுவெதுப்பான ஊடகம் மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் நீடித்தால், நகலெடுப்புச் சிக்கலை உணர்த்தும் சிஎச்கே1 புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று சோதிக்கலாம்.

அறிகுறி: 4என் முகடு உயர்கிறது

இந்த முகட்டை நேராக ஜி2 என்று எழுதிவிடாதீர்கள். நான்கு வெவ்வேறு நிலைகள் இதே இடத்தில் வந்து குவியும்: ஒட்டிக்கொண்ட இரண்டு ஜி1 செல்கள், உண்மையான ஜி2 செல்கள், எம் கட்டச் செல்கள், பிரியத் தவறி இரட்டைக் குரோமோசோம்களோடு அடுத்த ஜி1 கட்டத்துக்கு வந்துவிட்ட செல்கள்.

ஒட்டிய செல்களைத் துடிப்பின் பரப்பையும் அகலத்தையும் எதிரெதிராக வரைந்து வெட்டி எறியலாம். புரோபிடியம் அயோடைடு ஆர்.என்.ஏ.வுடனும் ஒட்டும் என்பதால் ஆர்.என்.ஏஸ் நொதி சேர்த்தீர்களா என்பதையும் உறுதிசெய்யுங்கள். சேர்க்காவிட்டால் முகடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். எம் கட்டச் செல்களைப் பிரித்தறிய, ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 10ஆம் செரினில் பாஸ்பேட் ஏறியதைக் காட்டும் எதிர்ப்பொருள் போதும். எஞ்சியவற்றில் சைக்ளின் பி1 மிகுந்தவை ஜி2 செல்கள். அது இல்லாதவை பெரும்பாலும் இரட்டித்த ஜி1 செல்கள்.

உண்மையில் ஜி2 தேக்கம்தான் என்று உறுதியானால், சிடிகே1 நொதியின் 15ஆம் டைரோசினைப் பாருங்கள். வீ1 நொதி அங்கே பாஸ்பேட்டை ஏற்றிச் சிடிகே1ஐ அடக்கி வைக்கிறது. சிடிசி25 அதை நீக்கி எம் கட்டத்துக்கு விடுகிறது. சேதம் இருந்தால் சிஎச்கே1 புரதம் சிடிசி25ஐத் தடுக்கும். ஆகவே சைக்ளின் பி1 மிகுந்தும் டைரோசின் பாஸ்பேட் நீங்காமலும் இருந்தால் சாவடி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றே பொருள். பழுது ஜி2 கட்டத்தில் இல்லை, அதற்கு முந்தைய எஸ் கட்டத்தில் நகலெடுப்பு முடியாமல் இருக்கிறது. பி53 இல்லாத செல்கள் ஜி1 கட்டத்தில் நிற்க முடியாமல் இந்தச் சாவடியை மட்டுமே நம்பியிருக்கின்றன. அவற்றில் வீ1 தடுப்பானைச் சேர்த்தால் அறுந்த குரோமோசோம்களோடு எம் கட்டத்துக்குள் பாய்ந்து சிதறிப்போகும். புற்றுச் சிகிச்சைக்காக இந்தத் தடுப்பான்களை ஆராய்வது இந்த நம்பிக்கையில்தான்.

அறிகுறி: செல்கள் உருண்டு, எம் கட்டத்திலேயே நிற்கின்றன

ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய எம் கட்டம் பல மணி நேரமாக நீண்டு, தட்டைத் தட்டினால் உதிர்ந்துவிடும் அளவுக்கு உருண்ட செல்கள் மிகுந்திருக்கும். குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோலின் இழையோடு இன்னும் இணையாத ஒரே ஒரு கைனெட்டோகோர் (குரோமோசோமில் அந்த இழை பற்றும் இடம்) இருந்தாலும் குரோமோசோம்கள் பிரிவதைத் தடுக்கும் சாவடி இங்கே உள்ளது. இதன் மரபணுக்களை 1991இல் ஈஸ்டில் கண்டறிந்து மேட் என்றும் பப் என்றும் பெயரிட்டார்கள். இணையாத கைனெட்டோகோரில் மேட்2 உருமாறி, சிடிசி20 புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிடிசி20 விடுபட்டால்தான் ஏபிசி நொதித்தொகுதி செக்யூரினையும் சைக்ளின் பியையும் சிதைக்கும். செக்யூரின் சிதைந்தால்தான் செபரேஸ் விடுபட்டு, சகோதரி குரோமாட்டிடுகளைக் கட்டி வைத்திருக்கும் கொஹீசினை வெட்டும்.

நுண்குழல்களின் புரதமான டியூபுலினுக்குச் சாயமிட்டுக் கதிர்கோலின் வடிவத்தைப் பாருங்கள். நுண்குழல்களே இல்லை என்றால் கோல்ச்சிசின், நோகோடசோல், நித்யகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் போன்றவற்றின் வேலை. தடித்த கற்றைகளாக இருந்தால் பாக்ளிடாக்செல். ஒரே துருவத்தைச் சுற்றிக் குரோமோசோம்கள் வட்டமாக நின்றால், துருவங்களை அமைக்கும் சென்ட்ரோசோம்கள் விலகவில்லை. இஜி5 மோட்டார் புரதம் முடங்கியிருக்கலாம். கதிர்கோல் ஒழுங்காக அமைந்து, எல்லாக் குரோமோசோம்களும் நடுத்தளத்தில் வரிசையாக நின்றும் பிரியவில்லை என்றால், பழுது அதற்குப் பின்னால், ஏபிசியிலோ புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமிலோ இருக்கிறது.

கோல்ச்சிசின் நமக்கு அயலானது அல்ல. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் அது உண்டு. கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். மனிதக் குரோமோசோம்கள் 46 என்று 1956இல் ட்ஜியோவும் லெவானும் திருத்திச் சொன்னபோது, அவர்கள் எண்ணியதும் கோல்ச்சிசின் கொடுத்து எம் கட்டத்தில் நிறுத்திய செல்களைத்தான். டியூபுலினைப் பிடித்து நுண்குழல் வளராமல் தடுக்கும் அதே செயலே செடியின் நச்சுத்தன்மைக்கும் காரணம்.

மருந்து நீடித்தால் செல் என்றென்றும் நிற்காது. சில இறக்கும், சிலவற்றில் சைக்ளின் பி மெல்லக் கசிந்து சிதைந்து, குரோமோசோம்களைப் பிரிக்காமலேயே எம் கட்டத்திலிருந்து நழுவிவிடும். முந்தைய பகுதியில் சொன்ன இரட்டித்த ஜி1 செல்கள் இப்படியும் உருவாகின்றன. 48 மணி நேரம் கழித்து உருண்ட செல்கள் குறைந்திருப்பதைக் கண்டு மருந்துத் தாக்கம் நீங்கிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

அறிகுறி: பின்தங்கும் குரோமோசோம்களும் நுண்ணுட்கருக்களும்

இந்த முறை செல் நிற்கவே இல்லை. ஆனால் பிரிந்த செல்களில் பெரிய உட்கருவை ஒட்டிச் சிறு உட்கருக்கள் தெரிகின்றன. சாவடி இருக்கும்போதே இது எப்படி நேர்கிறது என்று மாணவர்கள் குழம்புவது வழக்கம். சாவடி கேட்பது இழை இணைந்திருக்கிறதா என்பதை மட்டுமே. ஒரே கைனெட்டோகோர் இரு துருவங்களிலிருந்து வரும் இழைகளோடும் இணைந்துவிட்டால் இணைப்பு இருக்கிறது என்றே கணக்காகும். செல் பிரியத் தொடங்கும், அந்தக் குரோமோசோம் இரு பக்கமும் இழுபட்டு நடுவில் தங்கிவிடும். இத்தகைய இணைப்புகளை முன்கூட்டியே அறுத்துத் திருத்துவது அரோரா பி நொதியின் பணி.

நுண்ணுட்கருவுக்குள் என்ன இருக்கிறது என்பதே இங்கே திசைகாட்டும். கைனெட்டோகோர் அமையும் பகுதியான சென்ட்ரோமியருக்குச் சாயம் இடுங்கள். சென்ட்ரோமியர் இருந்தால் முழுக் குரோமோசோம் ஒன்று பின்தங்கியிருக்கிறது. பழுது கதிர்கோல் இணைப்பில். சென்ட்ரோமியர் இல்லை என்றால் அது அறுந்த துண்டு. பழுது இந்த எம் கட்டத்தில் இல்லை, இதற்கு முன் பழுதுபார்க்காமல் விட்ட டி.என்.ஏ. சேதத்தில். இரண்டு உட்கருக்களுக்கும் நடுவே இழை போல நீண்டிருந்தால் டெலோமியர்கள் ஒட்டிக்கொண்டதையோ நகலெடுப்பு முடியாததையோ தேடுங்கள்.

சாவடியே வலுவிழந்ததா என்று அறிய நோகோடசோல் கொடுத்துப் பாருங்கள். இயல்பான செல்கள் உருண்டு குவியும், சாவடி இல்லாதவை குவியாமல் கடந்துபோகும். பிறவியிலேயே பப்1பி மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகும் அரிய நோய் ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளின் உடலில் செல்லுக்குச் செல் குரோமோசோம் எண்ணிக்கை மாறியிருக்கும், புற்று வரும் வாய்ப்பும் மிகும்.

அறிகுறி: பல உட்கருக்கள், பல துருவங்கள், 4என்னுக்கு மேல் டி.என்.ஏ.

வரைபடத்தில் 8என் இடத்தில் தெளிவான முகடு தெரிகிறதா, அல்லது 4என்னுக்கு மேல் படிப்படியாகப் படர்ந்து கிடக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். தெளிவான முகடும் இரட்டை உட்கருவும் இருந்தால் செல் உடல் இரண்டாகப் பிளக்கத் தவறியிருக்கிறது. ஒரே பெரிய உட்கருவும் படர்ந்த வரைபடமும் இருந்தால் ஒரே எஸ் கட்டத்தில் டி.என்.ஏ. மீண்டும் மீண்டும் நகலெடுக்கப்படுகிறது. பி. என். ராவும் ராபர்ட் ஜான்சனும் 1970இல் ஹீலா செல்களை இணைத்துச் செய்த ஆய்வில், எஸ் கட்டச் செல்லோடு சேர்ந்த ஜி1 உட்கரு உடனே நகலெடுக்கத் தொடங்கியது. ஆனால் அதே எஸ் கட்டச் செல்லோடு சேர்ந்த ஜி2 உட்கரு நகலெடுக்க மறுத்தது. ஒரு முறை நகலெடுத்த உட்கருவுக்கு மறு உரிமம் கிடைப்பதில்லை என்பதற்கு அதுவே முதல் தெளிவான சான்று. அந்த உரிமத்தை வழங்கும் சிடிடி1 புரதத்தை எஸ் கட்டம் தொடங்கிய பின் ஜெமினின் என்ற புரதம் கட்டி வைக்கிறது. ஜெமினின் குறைந்திருக்கிறதா, சிடிடி1 சிதையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

பிளவு தவறிய செல்லில் சென்ட்ரோசோம்களும் இரட்டித்துவிடுவதால், அடுத்த எம் கட்டத்தில் மூன்று, நான்கு துருவங்கள் தோன்றும். தியோடர் போவெரி இரு விந்தணுக்கள் புகுந்த கடல் முள்ளெலி முட்டைகளில் இத்தகைய பிரிவுகளைக் கண்டு, புற்றுக் கட்டிகள் இப்படித் தாறுமாறாகப் பங்கிடப்பட்ட குரோமோசோம்களிலிருந்து தோன்றக்கூடும் என்று 1914இலேயே எழுதினார். பி53 உள்ள செல்கள் இரட்டித்த பின் பெரும்பாலும் ஜி1 கட்டத்தில் நின்றுவிடும். பல துருவங்கள் மலிந்து கிடக்கின்றன என்றால் சென்ட்ரோசோமோடு பி53ஐயும் சோதிக்க வேண்டும்.

அறிகுறி: 2என்னுக்குக் கீழே செல்கள்

இவை இறந்துகொண்டிருக்கும் செல்களின் துண்டுகள். ஊடகத்தில் மிதப்பவற்றைக் கொட்டிவிட்டு ஒட்டியிருப்பவற்றை மட்டும் எடுத்தால் இந்தப் பகுதி பொய்யாகக் குறையும். எப்போதும் இரண்டையும் சேர்த்தே எடுங்கள். செல் இறப்பை நடத்தும் கேஸ்பேஸ்3 நொதி வெட்டுப்பட்டதைக் காட்டி உறுதிசெய்யுங்கள்.

அறிகுறி: மருந்துக்கு நின்ற செல்கள் மீண்டும் கிளம்புகின்றன

2015இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்கு அனுமதிக்கப்பட்ட பால்போசிக்ளிப் செல்லைக் கொல்வதற்கான மருந்து அல்ல. அது ஜி1 கட்டத்தில் நிறுத்தி வைக்கிறது. மருந்தைக் கழுவி எடுத்தால் செல்கள் மீண்டும் எஸ் கட்டத்துக்குத் திரும்புவது இயல்பே. அதை எதிர்ப்புத்திறன் என்று குறிக்கக் கூடாது. மருந்து இருக்கும்போதே பிரிந்தால்தான் அது எதிர்ப்புத்திறன். அப்போது முதலில் ஆர்பியைப் பாருங்கள். அது தொலைந்திருந்தால் அளவை ஏற்றுவதால் பயனில்லை, ஏனென்றால் மருந்து தடுக்கும் நொதிக்கு அங்கே வேலையே இல்லை. ஆர்பி இருந்தும் அதன்மேல் பாஸ்பேட் ஏறியிருந்தால் சைக்ளின் ஈயும் சிடிகே2உம் அந்தப் பணியை எடுத்துக்கொண்டிருக்கலாம். சிடிகே2 தடுப்பானைக் கூடச் சேர்த்து, 24 மணி நேரம் கழித்து எட்யூ சேர்க்கையை மீண்டும் அளந்து பாருங்கள்.